சந்தனக் கிண்ணச் சம்மதம்

கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினால் யாராவது யோசித்துத் தொடுவார்களா? வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள், பன்னீர் பட்டதும் முகத்தைச் சுளிப்பார்கள், விரலைச் சந்தனத்தில் தோய்த்துக் கழுத்தில் இழுத்துக்கொள்வார்கள், கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு "டிபன் மாடியிலயா, கீழயா?" என்பார்கள். இதில் சட்டம் என்ன, சம்மதம் என்ன? என் தங்கை கோதையின் கல்யாணத்தன்று காலை வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் மங்கையர்க்கரசி. திண்டுக்கல்லில் ‘பளார்’ என்கிற செய்தி நிறுவனத்தின் செய்தி ஆசிரியர். சிரிக்காதீர்கள், பெயர் நான் வைத்ததில்லை. முதலாளி தனுஷ்கோடி வைத்தது. "செய்தின்னா கன்னத்துல விழுந்த மாதிரி இருக்கணும்மா" என்பார். காதில் எல்லோரும் மாட்டிக்கொண்டு திரிகிறோமே, அந்தப் பேசும் கடுக்கன், அதில்தான் எங்கள் செய்தி வரும். நீங்கள் பளாரை ஃபாலோ செய்தால் போதும். குளிக்கும்போதும் வரும், கும்பிடும்போதும் வரும். "பளார்! பளார்!" என்று இரண்டு முறை அலறிவிட்டு, தாடிக்கொம்பு ரோட்டில் லாரி கவிழ்ந்ததைச் சொல்லும்.

ஒரு காலத்தில் ஃபாலோயர்களை மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்கினார்களாம். ஆளே இல்லாத பெயர்கள், பிறக்காத பிள்ளைகள், எல்லோரும் ஃபாலோயர்கள். அந்தக் கூத்து முற்றிப்போய்த்தான் தொடுகைச் சட்டம் வந்தது. இப்போது ஒரு நிறுவனத்தை ஃபாலோ செய்ய வேண்டுமென்றால் அவர்களுடைய சம்மதப் பொட்டில் உங்கள் விரல் பட வேண்டும். ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருக்கும் அந்தக் கருவி. விரல் வியர்வையை வைத்தே உங்கள் மனசு ஒப்பித் தொடுகிறீர்களா, வேண்டா வெறுப்பாகத் தொடுகிறீர்களா என்று கண்டுபிடித்துவிடும். மனசு ஒப்பினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. பொய்யாகச் சிரித்துவிடலாம், பொய்யாக வியர்க்க முடியாதே!

சட்டம் வந்த வாரமே பளார் படுத்துவிட்டது. எங்கள் பொட்டைத் தொட்ட விரலெல்லாம் சிவப்பு. செய்தியைக் கேட்டுக்கொண்டே எவன் சந்தோஷமாகத் தொடுவான்? பேக்கரி வாசலில் வைத்துப் பார்த்தார் முதலாளி, வந்தவர்களுக்கெல்லாம் பசி, சிவப்பு. பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் வைத்தார், அங்கே எல்லோரும் பதற்றத்தில் இருந்தார்கள், அதுவும் சிவப்பு. "ஜனங்க எப்பத்தான்ம்மா சந்தோஷமா இருக்காங்க?" என்று என்னிடமே அலுத்துக்கொண்டார்.

"நீங்க பக்கத்துல இல்லாதப்ப சார்" என்றேன். அதற்கும் சிரித்தார். மானம் ரோஷமெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை.

அப்படிப்பட்டவர் கோதையின் கல்யாணத்துக்கு வாசல் வரவேற்பு தன் அன்பளிப்பு என்றதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூடக் கொஞ்சம் சட்னி கேட்டால் முறைக்கிற மனுஷன், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, கல்கண்டுத் தட்டு எல்லாம் புதுசாக வாங்கி, தன் ஆளையும் நிறுத்தி வைத்தார். நான்தான் ஏமாளி என்பது அப்போது தெரியவில்லை.

இந்தக் கல்யாணத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கோதையும் இளம்பரிதியும் காதலித்தார்கள். பரிதியின் அப்பா சட்டநாதன் சம்மதிக்க வருஷக்கணக்காயிற்று. கெட்டவர் இல்லை. தங்கமான மனுஷன். ஆனால் காதில் விழுந்ததையெல்லாம் நம்புவார். தக்காளி சாப்பிட்டால் ஞாபகசக்தி போகும் என்று ஏதோ ஒரு சானலில் கேட்டு, சாகும்வரை தக்காளி தொடமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்தவர். பாவம், அந்த அம்மாதான் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தார். இந்தக் கல்யாணமாவது ஒழுங்காக நடக்க வேண்டுமே என்று நாங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

முகூர்த்தத்துக்கு முன்னால் ஐயர் கூறைப்புடவையைக் கோதையிடம் கொடுத்து, கட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவளை அறைக்குக் கூட்டிப்போனேன். மடிப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே என் கடுக்கன் அலறியது.

"பளார்! பளார்! அவசரச் செய்தி! திண்டுக்கல் மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில் மணப்பெண் மாயம்!"

"எந்தப் பாவி மகளோ" என்று உச்சுக்கொட்டினாள் கோதை. அவள் காதில் எதுவும் விழவில்லை, நான் சொல்லித்தான் தெரியும். "இன்னிக்குன்னு பார்த்தா ஓடணும் அக்கா? அவங்கம்மா என்ன பாடு படுவாங்க!"

நானும் உச்சுக்கொட்டினேன். கடுக்கன் மறுபடி அலறியது. "மணப்பெண் பெயர் கோதை!"

கொசுவத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். மண்டபம் முழுக்க ஆட்கள் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள். என்ன நடந்ததென்று எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது, பளாரில் வேலை பார்ப்பவள் அல்லவா! எங்களிடம் செவியன் என்று ஒரு இயந்திரம் இருக்கிறது. ஃபாலோயர்களின் கடுக்கன் வழியாக அவர்கள் பேசுவதைக் கேட்டு, நாலு பேர் ஒரே விஷயத்தைப் பேசினால் அதைச் செய்தியாக்கிவிடும். யாரோ ஒருவர் "பொண்ணை எங்க காணோம்?" என்றிருக்கிறார். பக்கத்திலிருந்தவர்கள் ஆளாளுக்கு "போயிருச்சுல்ல" என்றிருக்கிறார்கள். சேலை மாற்றப் போவது செவியனுக்கு என்ன தெரியும்? செய்தியாக்கிவிட்டது. அதைக் கேட்ட மண்டபமே "பொண்ணைக் காணோமாமே!" என்று பேச, அதையும் கேட்டு, "நேரில் கண்ட பல நூறு பேர் உறுதி செய்தனர்!" என்று அடுத்த பளார் விட்டது.

"ஏம்மா மங்கை, நான் பளாரை ஃபாலோ பண்ணவே இல்லையே, எனக்கு ஏன் கேக்குது?" என்றார் எங்கள் பெரியம்மா. பக்கத்தில் நின்றவர்களும் "ஆமா, எனக்கும்தான்" என்றார்கள்.

அதை ஆராய அப்போது நேரமில்லை. கோதையைத் தரதரவென்று கூட்டிவந்து மணமேடையில் உட்கார வைத்தேன். "இந்தா பொண்ணு! எங்கயும் போகல! சேலை மாத்தப் போச்சு!" என்று கத்தினேன்.

எல்லோரும் அவளை உற்றுப் பார்த்தார்கள். அங்கேதான் பிடித்தது சனி. அந்த மேக்கப்காரம்மா கோதைக்குப் பூசியிருந்த பூச்சில், பெற்ற தாய்க்கே சந்தேகம் வரும். புருவம் வேறு, மூக்கு வேறு, நிறமும் வேறு.

"இது வேற பொண்ணு மாதிரியில்ல இருக்கு" என்றது ஒரு குரல். "ஆமாமா" என்றன நாலு குரல்கள்.

"பளார்! பளார்! மணமேடையில் மாற்றுப் பெண்! மாப்பிள்ளை வீட்டாருக்கு அதிர்ச்சி!"

சட்டநாதன் மாமா நிஜமாகவே அதிர்ச்சியடைந்தார். செய்தி சொன்னபிறகு அடையாமல் இருக்க முடியுமா? எழுந்து மேடைக்கு வந்தார். "நிறுத்துங்க மேளத்தை! இது யாரு பொண்ணு?"

"மாமா, நான்தான் மாமா, கோதை!"

"அப்பா, இவதான்ப்பா" என்றான் பரிதி.

"உனக்கு என்னடா தெரியும்? நீ நியூஸே கேக்கறதில்ல!"

கோதை மணமேடையில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து அப்படியே முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள். முந்தானையால் அழுந்தத் துடைத்தாள். மை வழிந்து, பாதி முகம் கோதை, பாதி முகம் யாரோ என்று உட்கார்ந்திருந்தாள். மாமா குனிந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது அவருக்கு. "ஜாடை இருக்கும்மா. ஆனா அத்தனை பேரு பார்த்து உறுதி செஞ்சிருக்காங்களே! என் மருமக எங்க எப்படித் தவிக்குதோ. நீ யாரு பெத்த பிள்ளையோ, எந்திரிச்சு வீட்டுக்குப் போ தாயி."

முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது. கோதை என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தபோதுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நேராக வாசலுக்கு ஓடினேன். சந்தனக் கிண்ணத்துக்குள் கையை விட்டு வழித்தேன். அடியில் ஒட்டியிருந்தது எங்கள் சம்மதப் பொட்டு. கல்யாண வீட்டுக்கு வருபவன் பட்டுவேட்டி மணக்க, ஒரு காசு செலவில்லாத சந்தனத்தில் விரலை வைக்கும்போது மனசு ஒப்பாமல் வைப்பானா? பச்சை, பச்சை, பச்சை! அடப் படுபாவி தனுஷ்கோடி!

கீழே டிபன் பந்தியில் நெய் மிதக்கும் பொங்கலோடு உட்கார்ந்திருந்தார் அவர். சந்தனம் வழிந்த பொட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன சார்?"

"விரல் சம்மதிச்சிருக்கேம்மா. மிஷினே பச்சை காட்டிருச்சு. அப்புறம் என்ன?"

"விரல் சந்தனத்துக்குச் சம்மதிச்சுது. உங்களுக்கா சம்மதிச்சுது?"

"அதெல்லாம் சட்டத்துல பிரிச்சு எழுதலையே!" வடையைப் பிய்த்தார். "எத்தனை வருஷம் கழிச்சு நம்ம பளார் நிமிர்ந்திருக்கு தெரியுமா? சந்தோஷப்படு."

"சந்தோஷமா? உங்க செவியன் என் தங்கச்சி கல்யாணத்தை நிறுத்திருச்சு சார்! உடனே மறுப்பு போடுங்க."

மறுப்பு வெளியிட முதலாளியின் விரல் வேண்டும், அதுவும் மனசு ஒப்பிய விரல். சட்டம் அதையும் விட்டுவைக்கவில்லை. மறுப்புக்கென்று தனிப் பொட்டு ஒன்று என் கைப்பையில் எப்போதும் இருக்கும். பளார் இதுவரை மறுப்பே போட்டதில்லை என்பதால் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. பிரித்து நீட்டினேன். தொட்டார். சிவப்பு. மறுபடி தொட்டார். சிவப்பு.

"எனக்கும் ஆசைதாம்மா. மனசு வர மாட்டேங்குதே" என்றார் கொஞ்சமும் கூச்சமில்லாமல். "மறுப்பு போட்டா வந்தவன்லாம் ஓடிருவான்ல?"

மேலே மேளம் நின்றுபோன அமைதி எனக்குக் காதை அடைத்தது. அப்போதுதான் பரிமாறுகிறவர் கேசரி வாளியோடு வந்தார். முதலாளியின் கண்கள் வாளியின் பின்னாலேயே போயின. கேசரியில் முந்திரியைத் தேடித் தோண்டுவதில் அவருக்கு இருக்கும் ஆனந்தம் ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

"குடுங்கண்ணே, நம்ம முதலாளிக்கு நானே வைக்கிறேன்" என்று கரண்டியை வாங்கினேன். மறுப்பை போனில் அடித்துத் தயாராக வைத்துக்கொண்டேன். வாளியில் கிடந்த முந்திரியையெல்லாம் திரட்டி, ஒரு பெரிய கவளமாக அவர் இலையில் வைத்தேன். உள்ளே மறுப்புப் பொட்டையும் வைத்தேன். ஆமாம், வைத்தேன்! கல்யாணம் நிற்கிற நேரத்தில் நியாயப் புத்தகத்தையா புரட்டிக்கொண்டிருப்பேன்?

விரலை விட்டுத் தோண்டினார். முகம் மலர்ந்தது. பச்சை!

"பளார்! பளார்! மறுப்பு! மணப்பெண் மாயம் என்ற செய்தி தவறு. மணமேடையில் இருப்பவரே கோதை. வருந்துகிறோம்."

முதலாளி கேசரியிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா முந்திரி இது?" என்றவர், காதில் விழுந்தது உறைத்ததும் துள்ளி எழுந்தார். "அடிப்பாவி! என் சம்மதம் இல்லாம! கேசரியில வச்சு! ஒரு மனுஷன் நம்பிச் சாப்பிடற கேசரியில!"

மேடைக்கு ஓடினேன். மாமா கைகூப்பிக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா கோதை, தப்பா நினைச்சுட்டேன்" என்று அழுதுகொண்டிருந்தார். மேளம் கொட்டியது, தாலி ஏறியது. நானும் அழுதேன். அன்று சாயந்திரமே மாமா எங்கள் அலுவலகத்துக்கே போய், "தப்புன்னு தன் வாயால ஒத்துக்கிட்ட ஒரே நியூஸ் இதுதான்" என்று சொல்லிப் பொட்டில் விரல் வைத்தாராம். சுத்தமான பச்சை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் உங்கள் நேரத்தை வீணாக்கப் போகிறேன்?

என் வேலை போயிற்று, அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. புகாரும் நான்தான் கொடுத்தேன். சம்மத ஆணையம் விசாரித்து, சந்தனக் கிண்ணத்தில் வாங்கிய சம்மதமெல்லாம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மண்டபத்து விரல்கள் மொத்தமும் பளாரிலிருந்து நீங்கின. நான் கைதட்டினேன். தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. கேசரியில் வாங்கிய சம்மதமும் அதே ரகம்தான், ஆகவே அந்த மறுப்பும் செல்லாது, முந்தைய செய்தியே நிலைக்கும் என்றார் ஆணையர். கைதட்டிய கை அப்படியே நின்றது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

"பளார்! பளார்! மறுப்பு ரத்து! மணப்பெண் கோதை மாயமான செய்தி மீண்டும் அமலுக்கு வருகிறது!"

இதைக் கேட்க அநேகமாக யாரும் மிச்சமில்லை. மாமா இருந்தார். அவர்தான் மனசார விரல் வைத்தவராயிற்றே.

அன்றைக்குக் கோதை அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாளாம், தக்காளி போடாத ரசம். மாமா தட்டிலிருந்து கையை எடுத்து, அவளை ரொம்ப நேரம் பார்த்தாராம். "ஏம்மா, உன் பேரு என்னம்மா?" என்றாராம்.

விரட்டவில்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. யாரோ கஷ்டப்பட்ட வீட்டுப் பெண், பையன் தாலி கட்டிவிட்டான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அன்பாகத்தான் நடத்தினார். ஆனால் தன் மருமகளைத் தேட ஆரம்பித்தார். கோதையின் போட்டோவைப் போட்டு ‘காணவில்லை’ போஸ்டர் அடித்தார். பஸ் ஸ்டாண்டு, ரயிலடி என்று ஒட்டினார். பசை காய்ச்சிக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? கோதைதான்.

"அக்கா, வெயில்ல அலைஞ்சு என்னைத்தான்க்கா தேடுறாரு. வந்து உக்காந்ததும் நான்தான் மோர் குடுக்கறேன். குடிச்சிட்டு, ‘அந்தப் பொண்ணு எங்க சாப்பிடுதோ’ன்னு அழறாரு. எனக்கு அவரைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்குக்கா. யாரோ மாதிரி நிக்கறேன்" என்று போனில் விசும்பினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடுக்கனைக் கழற்றிச் சுவரில் எறிந்தேன்.

பரிதி எத்தனையோ சொல்லிப் பார்த்தான். ஆதார் காட்டினான், சின்ன வயசுப் போட்டோ காட்டினான். "செய்தியில சொல்லட்டும்டா, நம்பறேன்" என்றார் மாமா. ஆக, மறுபடியும் வேண்டும் தனுஷ்கோடியின் விரல், இந்தத் தடவை நேர்மையாக.

வெட்கத்தை விட்டு அவரைக் கோதை வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டேன். வந்தார். பளார் படுத்த படுக்கையில் இருந்தாலும் விருந்தென்றால் வருவார். எல்லாம் கண்ணெதிரே, மறுப்பை அவர் போனிலேயே அடித்து வைத்து, அவர் கொண்டுவந்த மறுப்புப் பொட்டைத் தனியாக ஒரு தட்டில் வைத்தோம். கறிக்குழம்புக்குப் பிறகு தொட்டார், சிவப்பு. பாயசத்துக்குப் பிறகு தொட்டார், சிவப்பு. கேசரியை மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேணும்னு செய்யலம்மா" என்றார். உண்மையாகவே சங்கடப்பட்டார். "நல்லது செய்யணும்னு நானும் நினைக்கறேன். உள்ளுக்குள்ள ஒரு இது உறுத்துது. நீ கேசரியில வச்சதுதான் ஞாபகம் வருது. நம்பிக் கையை வச்சேன்ல?"

"அன்னிக்கு மண்டபத்துல அத்தனை பேரும் அப்படித்தானே சார் வச்சாங்க?" என்றேன். சண்டை போடும் தெம்பில்லை எனக்கு.

அந்த நேரம் மாமா வெளியிலிருந்து வந்தார். சட்டையெல்லாம் பசை, கையில் சுருட்டிய போஸ்டர்கள். விருந்தாளி யார் என்று பரிதி சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஓடிவந்து முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பளாரா? நீங்களேவா? சார், உங்களைத்தான் நான் தினமும் கேக்கறேன். ஊருல யாரும் கேக்கறதில்லன்னு சொல்றாங்க, நான் விடல." போஸ்டர் ஒன்றைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டினார். "இது என் மருமக சார். நல்ல பொண்ணு. அத்தனை வருஷம் நான் பிடிவாதமா மறுத்தும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பொண்ணு. உங்களுக்கு நாலு இடத்துல ஆளு இருக்கும். எங்கயாச்சும் கண்டா, மாமா கோவமா இல்ல, வீட்டுக்கு வரச் சொன்னாருன்னு சொல்லுங்க சார்."

அவருக்குப் பின்னால் மோர்ச் செம்போடு கோதை நின்றுகொண்டிருந்தாள்.

முதலாளி போஸ்டரைப் பார்த்தார். கோதையைப் பார்த்தார். மாமாவின் பசைக் கையைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஃபாலோயர், ஃபாலோயர் என்று எண்ணிக்கொண்டிருந்தவர், ஒரு ஃபாலோயரை முகத்துக்கு முகம் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். விருந்து சாப்பிட்ட எச்சில் கையைக் கழுவக்கூட மறந்து, தட்டை இழுத்துப் பொட்டின் மேல் விரலை வைத்தார்.

பச்சை.

மாமாவின் காதில் என்ன அலறியதென்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தில்தான் பார்த்தோம். போஸ்டர் கையிலிருந்து நழுவியது. மெல்லத் திரும்பினார். அங்கே நின்றவளை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார்.

"கோதை! எப்பம்மா வந்த? சாப்பிட்டியா?"

கோதை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இப்பத்தான் மாமா வந்தேன்."